கோதுமை, கடல் மணல், ஒரு ஆஸ்பத்திரி: கொரியப் போரில் இந்தியா

1/ உக்ரைன் போர்ல இந்தியா ஏன் ஐ.நா.வில் ஓட்டே போடல, ரஷ்ய எண்ணெய் மட்டும் ஏன் வாங்குது? புளியறை செக்போஸ்ட் டீக்கடை வரைக்கும் வந்துட்ட கேள்வி இது. "நடுநிலைன்னா நழுவுறதுதானே சார்?"னு ஒருத்தர் கேட்டார். அவருக்குச் சொன்ன பழைய கதையை இங்கயும் சொல்றேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

2/ 1950 ஜூன் 25. வடகொரியப் படை 38-வது இணைகோட்டைத் தாண்டித் தெற்கே நுழைந்தது. ஐ.நா. பாதுகாப்பு சபையில் அந்தத் தாக்குதலுக்கு எதிராக இந்தியா வாக்களித்தது. ஆனால் சண்டைக்குப் படை அனுப்ப மறுத்துவிட்டது. பதிலுக்கு அனுப்பியது ஒரு ஆஸ்பத்திரி: 60-வது பாராசூட் ஃபீல்டு ஆம்புலன்ஸ்.

3/ பீக்கிங்கில் நம்ம தூதர் கே.எம். பணிக்கர். அக்டோபர் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். சூ என்லாய் அவரைக் கூப்பிட்டு, அமெரிக்கப் படை கோட்டைத் தாண்டினால் சீனா இறங்கும்னு சொல்கிறார். செய்தி வாஷிங்டனுக்குப் போனது. அங்கே யாரும் பெரிசா எடுத்துக்கல. அதே மாதம் சீனா இறங்கியது.

4/ 1951 பிப்ரவரி 1. சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று அறிவிக்கும் தீர்மானம் ஐ.நா.வில் வந்தது. பேச்சுவார்த்தைக் கதவு அடைபடும்னு இந்தியா எதிர்த்து ஓட்டுப் போட்டது. இதுக்கு ஒரு விலை இருந்தது.

5/ அப்போ நம்ம நாட்டுல பஞ்சம் வாசல்ல நிக்குது. ஜனவரியில்தான் ரேஷன் தானியத்தை ஆளுக்கு நாளொன்றுக்கு 12 அவுன்ஸில் இருந்து 9 அவுன்ஸாகக் குறைத்திருந்தார்கள். சுமார் 255 கிராம். அதில் 900 கலோரிகூடத் தேறாது. வயல்ல வேலை பார்க்கிறவருக்கு அரை வயிறு கூட நிறையாது.

6/ அமெரிக்காவிடம் 20 லட்சம் டன் தானியம் கேட்டிருந்தோம். ட்ரூமன் பிப்ரவரியில் பரிந்துரைத்தும் அமெரிக்க காங்கிரஸ் மாதக்கணக்கில் இழுத்தது. கொரியா விஷயத்தில் நேரு மேல கோபம். கூடவே ஒரு பேரம்: கோதுமைக்கு மோனசைட்.

7/ மோனசைட்னா மணவாளக்குறிச்சி, சவறா கடற்கரை மணல்ல கிடைக்கிற கனிமம். அதில் தோரியம் இருக்கு. அன்னைக்கு மணவாளக்குறிச்சியும் நம்ம செங்கோட்டை, புளியறையும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். 1956-ல்தான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தோம். அணுசக்திக்கு உதவும் கனிமத்தைக் கோதுமைக்கு விலையா வைக்க நேரு சம்மதிக்கல. ஜூன் 15-ல் சட்டம் கையெழுத்தானது. இனாம் இல்ல, 19 கோடி டாலர் கடன்.

8/ இனி அந்த ஆஸ்பத்திரி. தலைமை லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ். 1950 டிசம்பரில் பியோங்யாங்கை விட்டு எல்லாரும் பின்வாங்குறாங்க. மருத்துவக் கருவிகளை விட்டுட்டு வர இவங்களுக்கு மனசில்ல. கைவிடப்பட்ட நீராவி எஞ்சின் ஒன்றைப் பிடிச்சு, வாளியில் தண்ணி சுமந்து ஊற்றி, தாங்களே ஓட்டித் தெற்கே கொண்டு வந்தாங்க. 1951 மார்ச்சில் அமெரிக்க வீரர்களோடு பாராசூட்டில் குதிச்சும் சிகிச்சை கொடுத்தாங்க. ரங்கராஜுக்கு மகாவீர் சக்ரா கிடைத்தது. பின்னாளில் ஆப்கானிஸ்தானில் பெரியம்மை ஒழிப்பிலும் வேலை பார்த்தார்.

9/ போரை நிறுத்த விடாமல் இழுத்த பெரிய சிக்கல், ஊர் திரும்ப மறுத்த கைதிகள். வழி சொன்னது வி.கே. கிருஷ்ண மேனன் கொண்டு வந்த 1952 டிசம்பர் தீர்மானம். 1953 ஜூலை 27-ல் போர் நிறுத்தம். கைதிகள் விவகார ஆணையத்துக்குத் தலைவர் ஜெனரல் திம்மையா. இரண்டு தரப்பும் திட்டின அதே இந்தியாவைத்தான் கடைசியில் இரண்டு தரப்பும் ஏற்றுக்கிட்டாங்க.

10/ இதுக்காக நம்ம நடுநிலை எப்பவும் சுத்தம்னு சொல்லல. 1956-ல் ஹங்கேரியில் சோவியத் டாங்கி புகுந்தப்போ இதே இந்தியா தடுமாறியது. நடுநிலையை எப்படி எடை போடுறது? என் கணக்கு எளிது. யாருக்கு ஓட்டுப் போட்டோம்ங்கிறதை விட, அதுக்காக என்ன இழக்கத் தயாரா இருந்தோம், காயம்பட்டவனுக்கு என்ன செஞ்சோம்னு பாருங்க. அன்னைக்கு ரேஷனில் பசியைத் தாங்கிக்கிட்டு, களத்துக்கு டாக்டர்களை அனுப்பினோம். இன்னைக்கு மலிவு எண்ணெய் வாங்குறோம். கூட வேற என்ன கொடுக்கிறோம்? டீக்கடைக்காரர் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.