சேர்வராயன் மலையில் காவலும் குற்றமும்

சேலத்துக்கு வடக்கே ஐயாயிரம் அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும் சேர்வராயன் மலையில், போலீஸ் வருவதற்கு நெடுங்காலம் முன்பே காவல் ஏற்பாடு இருந்தது. இங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இவர்களுக்கும் கேரளத்துக்கும் தொடர்பில்லை. பேச்சு தமிழ்தான், முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சேர்வராயன் மலை ஊர்கள் சேலம் நாடு, முட்ட நாடு, மோக நாடு என மூன்று நாடுகளாகப் பிரிந்திருந்தன. நாட்டுக்குப் பட்டக்காரரும் ஊருக்கு ஊர்க்கவுண்டரும் இருந்தனர். மாடு பயிரை மேய்ந்தது, புனத்தின் எல்லை தள்ளிப்போனது, கட்டிய மனைவி வேறொருவரோடு போனது எனப் பெரும்பாலான வழக்குகள் ஊருக்குள்ளேயே பேசித் தீர்க்கப்பட்டன. தண்டனை அபராதம், மிஞ்சினால் ஊர்விலக்கு. சிறை என்பது கிடையாது. இதைப் பொற்காலமாகக் காட்ட வேண்டியதில்லை. கூடிப் பேசி முடிவெடுத்தவர்கள் ஆண்கள். ஊர்விலக்குப் பெற்ற குடும்பம் முறையிட்டுக்கொள்ள வேறு இடம் இருக்கவில்லை. ஆனாலும் குற்றம் இன்னது என்று முடிவு செய்தது மலைதான்.

1792இல் திப்பு சுல்தானோடு செய்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாராமகாலும் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தன. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குவிதி, ஊர்த் தலைவரையே ஊரின் போலீஸ் அதிகாரியாக்கியது. அவருக்குக் கீழே தலையாரி, மேலே தாசில்தார், எல்லோருக்கும் மேலே கலெக்டர். வரி வசூலித்த கையே திருடனையும் பிடித்தது. அந்தக் கைகள் எப்படி நடந்துகொண்டன என்பதைச் சென்னை மாகாணச் சித்திரவதை விசாரணைக் குழு 1855இல் வெளியிட்ட அறிக்கை அம்பலப்படுத்தியது. வரி பாக்கிக்காகவும் குற்ற ஒப்புதலுக்காகவும் குடியானவர்கள் வதைக்கப்பட்டதை அது பதிவு செய்தது. அதன் விளைவாக 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டம் போலீசை வருவாய்த் துறையிலிருந்து பிரித்துத் தனிப் படையாக்கியது. இன்றைய தமிழ்நாடு காவல்துறையின் வேர் இந்தச் சட்டத்தில் இருக்கிறது. ஊர் மணியக்காரரும் தலையாரியும் மட்டும் அதற்குப் பின்னும் காவலின் கடைசிக் கண்ணியாகத் தொடர்ந்தனர். பரம்பரைக் கிராம அதிகாரிகள் முறை ஒழிந்தது 1980 நவம்பரில்தான்.

போலீஸ் சட்டம் வருவதற்குள் மலையின் பொருளாதாரமே மாறிவிட்டிருந்தது. 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் சேர்வராயன் மலைமேலுள்ள ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்து நட்டார். பின்வந்த ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் மலைச்சரிவுகளை எஸ்டேட்டுகளாக்கினர். தோட்டத்துக்கு ஆள் வேண்டும். ஆளைப் பிடிக்கக் கங்காணி முன்பணம் கொடுத்தார். முன்பணம் வாங்கியவர் வேலையை விட்டுப் போனால் என்ன செய்வது என்பதற்கு, போலீஸ் சட்டம் வந்த அதே 1859இல் வந்த 13ஆம் சட்டம் வழி சொன்னது. அதன்படி மாஜிஸ்திரேட் அவரை வேலைக்குத் திரும்பும்படியோ பணத்தைத் திருப்பித் தரும்படியோ உத்தரவிடலாம். மறுத்தால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கடன் தகராறு என்ற அளவில் நிற்க வேண்டியது குற்றமாக்கப்பட்டது. முதலாளி ஒப்பந்தத்தை மீறினால் அந்தச் சட்டத்தில் அவருக்குச் சிறை இல்லை. தோட்டக்காரர்கள் பெரிதும் நம்பியிருந்த இந்தச் சட்டம் 1920களின் நடுப்பகுதி வரை உயிரோடு இருந்தது.

காப்பி விலையுள்ள சரக்கானதும் திருட்டும் வந்தது. பழம் சிவக்கும் பருவத்தில், காவலுக்கு ஆள் போதாத சரிவுகளில், இரவோடு இரவாகச் செடியை உருவிவிட்டுப் போவது மலைத் தோட்டங்கள் எல்லாவற்றிலும் இருந்த பிரச்சினை. சென்னை மாகாணம் 1878இல் காப்பித் திருட்டுத் தடுப்புக்கென்றே தனிச் சட்டம் (8ஆம் சட்டம்) இயற்றியது. ஒரு பயிருக்காகத் தனிக் குற்றச் சட்டம் என்பதே, சட்டமியற்றும் இடத்தில் தோட்டக்காரர்களுக்கு இருந்த செல்வாக்கைக் காட்டும்.

மலையாளிகளின் அன்றாட வாழ்க்கையை இதைவிட ஆழமாகத் தொட்டவை வேறு இரண்டு சட்டங்கள். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், பயிர்க் காவலுக்கும் பொங்கல் வேட்டைக்கும் வைத்திருந்த நாட்டுத் துப்பாக்கிக்கு உரிமம் கேட்டது. 1882ஆம் ஆண்டின் சென்னை வனச் சட்டம், காடுகளை ஒதுக்குக் காடுகளாக அறிவிக்க வழிசெய்தது. அறிவிக்கப்பட்ட காட்டில் மாடு மேய்ப்பதும், விறகு வெட்டுவதும், கடுக்காய் பொறுக்குவதும் அனுமதியின்றிச் செய்தால் குற்றம். தாத்தா செய்த அதே வேலையைச் செய்த பேரன் குற்றவாளியானான். இந்த இரண்டு வகை வழக்குகளும் இன்றுவரை ஓயவில்லை. உரிமமில்லாத நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று சேலம் மாவட்ட மலை ஊர்களில் போலீசார் அறிவிப்பதும், ஊரார் அவற்றைக் கொண்டுவந்து வைப்பதும் அவ்வப்போது நடக்கின்றன.

இருபதாம் நூற்றாண்டின் பெரிய திருப்பம் 1937 அக்டோபர் 1 அன்று வந்தது. சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்து, நகராட்சித் தலைவராகவும் இருந்த ராஜாஜி, சென்னை மாகாணப் பிரதமரானதும் இந்தியாவிலேயே முதல் முறையாக முழு மதுவிலக்கைச் சேலம் மாவட்டத்தில் கொண்டுவந்தார். அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய தருமபுரி, நாமக்கல், கிருஷ்ணகிரி மாவட்டங்களையும் உள்ளடக்கியது. கூலி வீடு வந்து சேர்ந்த குடும்பங்களுக்கு மதுவிலக்கு நன்மை. அதை மறுக்க முடியாது. போலீசுக்கோ முற்றிலும் புதிய வேலை. உலகப் போர்க் காலத்தில் நிறுத்தி வைக்கப்பட்ட மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971இல் தளர்ந்து, 1974இல் திரும்பி, 1981இல் மீண்டும் தளர்ந்தது. அரசின் கொள்கை மாறிய ஒவ்வொரு முறையும் காவல் நிலையத்துக் குற்றப் பதிவேடும் மாறியது. குடிப்பது ஒரு காலத்தில் குற்றம், மறு காலத்தில் அரசுக்கு வருமானம். 2003இல் அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக் சில்லறைக் கடைகளையும் ஏற்றது.

மதுவிலக்கோடு சேர்ந்து வந்த கள்ளச்சாராயத்துக்கு மலை ஏன் வசதி என்பது வெளிப்படை. ஓடைத் தண்ணீர் கிடைக்கும், விறகு கிடைக்கும், ஆள் வருவது தூரத்திலேயே தெரியும். வெல்லமும் வெள்வேலம் பட்டையும் போட்ட ஊறல் பானைகளைப் புதரடியில் புதைத்து வைத்துக் காய்ச்சி, லாரி டியூபில் நிரப்பி அடிவாரத்துக்கு இறக்குவார்கள். கீழே வாங்கி விற்றுப் பணம் பார்த்தவர் வேறு. மேலே காய்ச்சிப் பிடிபட்டவர் வேறு. இந்தத் தொழில் பெரிதாக வேரூன்றியது சேர்வராயனைவிட அதன் கிழக்கே உள்ள கல்வராயன் மலையில்தான். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மலையின் பட்டைச் சாராயம் அல்ல, தொழிற்சாலை மெத்தனால். ஆனாலும் அதன் பிறகு சோதனைப் படைகள் ஏறியது கல்வராயன் மலைக்கு.

சந்தன மரத்தின் கதையும் இதே போக்குடையது. பட்டா நிலத்தில் நின்றாலும் வனத்துறை அனுமதியின்றி வெட்ட முடியாத மரம் அது. வெட்டும் கூலிக்கு மலையாளி, லாரிக்கும் லாபத்துக்கும் சமவெளிக்காரர் என்ற பிரிவினை இங்கும் உண்டு. இதன் உச்சக்கட்டக் கொடுமை, சேர்வராயனுக்கு வடகிழக்கே சித்தேரி மலையடிவாரத்து மலையாளி ஊரான வாச்சாத்தியில் நடந்தது. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் அந்த ஊருக்குள் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். வழக்கை நீதிமன்றம் வரை கொண்டுபோனவர்கள் மலைவாழ் மக்கள் சங்கத்தினரும் மார்க்சிஸ்ட் கட்சியினரும். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் அதை உறுதி செய்து, அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. மலை மக்களைக் குற்றக் கண்ணோடு பார்த்துப் பழகிய ஒரு நிர்வாகம் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று தமிழ்நாட்டில் இல்லை.

இன்றைய ஏற்காட்டில் வழக்குகளின் முகம் வேறு. இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை, கோடை விழா நாட்களில் போக்குவரத்தையே போலீசின் முதல் வேலையாக்குகிறது. வெளியூரில் கொலை செய்து உடலை இந்தப் பாதையின் பள்ளத்தில் வீசிவிட்டுப் போன வழக்குகளும் சமீப ஆண்டுகளில் வெளிவந்துள்ளன. கொல்லப்பட்டவரும் கொன்றவரும் மலைக்கு அந்நியர். தோட்டத்து மிளகும் காப்பியும் இன்னும் திருடு போகின்றன. காட்டுமாட்டு வேட்டைக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம் பாய்கிறது.

2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், கடுக்காய், தேன் போன்ற சிறு வனப் பொருட்களைச் சேகரிப்பதும் விற்பதும் பழங்குடியினரின் உரிமை என்றது. 1882இல் குற்றமான வேலை அதன்மூலம் உரிமையானது. நீதிமன்றத் தடையின் காரணமாகத் தமிழ்நாட்டில் அந்தச் சட்டத்தின்படி உரிமைப் பட்டாக்கள் வழங்குவது 2016 வரை தள்ளிப்போனது.