இடுப்பு பெல்ட்டும் தொழுகையும்
முத்தாண்டிக்குப்பம், நெய்வேலி பகுதியில் சுரங்கம், லாரி, முந்திரிக்காடு என உழைத்து, இடுப்பில் பெல்ட் கட்டித் தொழ வருபவர்கள் உண்டு. உளூவுக்கு அதைக் கழற்ற வேண்டியதில்லை. உளூவின் உறுப்புகளை அது மறைப்பதில்லை. கடமையான குளிப்புக்குக் கழற்ற வேண்டும். எலும்பு முறிவால் கழற்றக்கூடாது என மருத்துவர் சொன்னால், மற்ற இடங்களைக் கழுவி, பெல்ட்டின் மேல் ஈரக்கையால் தடவ வேண்டும். ஷாஃபி மத்ஹபில் தயம்முமும் செய்ய வேண்டும்.

மூலநோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதித்தது புகாரீயில் உள்ளது. பிறகு ஏன் வலியை மறைத்துக் குனிய வேண்டும்?

சாதாரண இடுப்பு வலிக்குப் பெல்ட் தரவேண்டாம் என்பது இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2016இல் வெளியிட்ட வழிகாட்டல். கடையில் நீங்களாக வாங்காதீர்கள். கால் பலமிழந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.