தியத்தலாவையிலிருந்து வீடு திரும்பிய போர்க் கைதிகள்



தியத்தலாவை என்றதும் இராணுவ முகாம்தான் நமக்கு நினைவு வரும். அந்த முகாம் எப்படி வந்தது என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது.

1899இல் தென்னாபிரிக்காவில் பிரித்தானியருக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது. போயர்கள் அங்கே குடியேறிய ஒல்லாந்த வழி விவசாயிகள். நம் மலையகத் தோட்டத் துரைமார் சிலரும் இலங்கைக் குதிரைப்படையோடு சேர்ந்து அங்கே சண்டைக்குப் போனார்கள். பிடிபட்ட போயர்களைத் தென்னாபிரிக்காவிலேயே வைத்திருப்பது ஆபத்து என்று கருதிய பிரித்தானியர், அவர்களை சென் ஹெலனா, பெர்முடா, இந்தியா, இலங்கை என்று கடல் கடந்து அனுப்பினார்கள். திருச்சிராப்பள்ளியில்கூட ஒரு முகாம் இருந்தது.

இலங்கைக்கு வந்தவர்கள் சுமார் 5,000 பேர். தியத்தலாவையைத் தெரிவு செய்ய வசதியான காரணங்கள் இருந்தன: 4,000 அடிக்கு மேற்பட்ட உயரம், குளிர், வீதியும் ரயில் பாதையும் தவிர வேறு வழியில்லாத மலை. பண்டாரவளை வரை ரயில் 1894இலேயே வந்துவிட்டது. பதுளைக்கு 1924இல்தான் வந்தது. 1900 ஓகஸ்டில் கைதிகள் கொழும்பில் இறங்கி, ரயிலேறி, தகரக் கொட்டில்களுக்கு வந்து சேர்ந்தார்கள். நோயில் இறந்தவர்களை அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

1902 மே 31இல் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தானது. போர் ஒரு கையெழுத்தோடு முடிந்தது, ஆனால் மனிதர்களை வீட்டுக்கு அனுப்புவது அப்படி முடியவில்லை. வெளிநாட்டு முகாம்களில் மட்டும் இருபதாயிரத்துக்கும் அதிகமான கைதிகள். அதே நேரத்தில் பிரித்தானியா தன் பெரும்படையையும் தென்னாபிரிக்காவிலிருந்து திருப்பி எடுக்க வேண்டியிருந்தது. எல்லாவற்றுக்கும் கப்பல் வேண்டும்.

அந்த உடன்படிக்கையிலேயே இதற்கு ஒரு பிரிவு இருந்தது. ஏழாம் எட்வேர்ட் மன்னரை ஏற்பதாக உறுதி கூறுபவர்கள் படிப்படியாக ஊருக்கு அனுப்பப்படுவார்கள். அதற்குப் போக்குவரத்து கிடைக்க வேண்டும், போன இடத்தில் பிழைப்புக்கு வழியும் இருக்க வேண்டும். கடைசி நிபந்தனை சும்மா வந்ததல்ல. போரில் பிரித்தானியப் படை ஆயிரக்கணக்கான பண்ணை வீடுகளை எரித்திருந்தது. வெறும் சாம்பலுக்கு ஆளை அனுப்பினால் பட்டினிதான். புனரமைப்புக்கு 30 இலட்சம் பவுண் தருவதாகவும் ஒப்புக்கொண்டார்கள்.

உறுதி கூற மறுத்தவர்களும் இருந்தார்கள். ஹென்றி எங்கெல்பிரெக்ட் என்பவர் கடைசி வரை மறுத்தார். வீடு திரும்ப அனுமதி கிடைக்கவில்லை. அம்பாந்தோட்டையிலேயே தங்கி, 1908இல் யால வனத்தின் முதல் காப்பாளரானார். இந்த மண்ணிலேயே இறந்தார்.

கைதிகள் போனார்கள், முகாம் போகவில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜேர்மனியரையும் இத்தாலியரையும் அங்கே அடைத்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு அது நம் இராணுவத்தின் பயிற்சித் தளமானது.

இதைப் படிப்பிக்கும்போதெல்லாம் இன்னொரு பயணம் நினைவுக்கு வருகிறது. 1964 ஒக்டோபர் 30இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். இந்தியாவுக்கு 525,000 பேர், இலங்கைக்கு 300,000 பேர் என்று இரு அரசுகளும் தலை எண்ணிப் பிரித்தன. மிச்சம் 150,000 பேரின் கணக்கைப் பத்து வருடம் கழித்துத்தான் தீர்த்தார்கள். நம் தோட்டத்துச் சனங்கள் அதே மலைப் பாதையில் ரயிலேறி, தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் சேர்ந்தார்கள். 1984இல் போரால் கப்பல் நின்றபோது போகக் காத்திருந்தவர்கள் இங்கேயே நின்றுபோனார்கள்.

போயர்கள் துப்பாக்கி தூக்கி எதிர்த்துப் போரிட்டவர்கள். ஆனாலும் அவர்களுடைய தலைவர்கள் பேச்சு மேசையில் இருந்தார்கள், போகிற இடத்தில் எப்படிப் பிழைப்பார்கள் என்ற கேள்வி உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டது. நம் மக்கள் கொழுந்து பறித்தவர்கள். அந்த மேசையில் அவர்களுக்கு ஒரு கதிரையும் இருக்கவில்லை.

தியத்தலாவையில் இறந்த போயர்களுக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது. பசறையிலிருந்தும் சுற்றுத் தோட்டங்களிலிருந்தும் ரயிலேறிப் போனவர்களின் பெயர்கள் நம் வீட்டுப் பெரியவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கின்றன. அவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள் பிள்ளைகளே.