பழைய வீட்டோடு ஒரு ரூம் சேர்க்க எவ்வளவு ஆகும்? கையைக் கடிக்காமல் கட்ட இதோ கணக்கு!

மகனுக்கு கல்யாணம் நிச்சயமாகி இருக்கும். அல்லது மகள் பிரசவத்துக்கு தாய் வீட்டுக்கு வரப்போகிறாள். இருக்கிற ஒரு ஹாலும் கிச்சனும் போதாது. பின்பக்கம் சும்மா கிடக்கிற இடத்தில் ஒரு ரூம் போட்டுடலாமா என்ற பேச்சு அப்போதுதான் வரும். ஆவடி, அம்பத்தூர், தாம்பரம், மாதவரம் என்று சென்னையை சுற்றி அரை கிரவுண்டில் வீடு கட்டி குடியிருப்பவர்கள் பலருக்கும் இது தெரிந்த கதை.

நகையை வைத்து, சீட்டு எடுத்து வேலையை ஆரம்பிப்பார்கள். லிண்டல் மட்டத்தோடு பணம் தீர்ந்து, மேலே கூரை இல்லாமல் சுவர் மழையில் நனையும். பட்ஜெட்டை முதலில் சரியாக போட்டால் இந்த தலைவலி பாதி குறையும்.

சதுர அடி கணக்கு உதவாது

புது வீடு கட்ட சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரி சொல்கிற ரேட்டை அப்படியே ஒரு ரூமுக்கு பெருக்கினால் கணக்கு உதைக்கும். 1,000 சதுர அடி வீட்டுக்கும் கலவை மிஷின் ஒருநாள் வாடகை, 145 சதுர அடி ரூமுக்கும் அதே வாடகை. சென்ட்ரிங் சாமான் ஏற்றி இறக்கும் வண்டிக்கும் அப்படித்தான். அரை லோடு ஜல்லி கேட்டால் லாரிக்காரர் வரமாட்டார், வந்தாலும் முழு வாடகைதான். அதனால் சின்ன வேலையில் சதுர அடி விலை எப்போதும் கூடத்தான் இருக்கும். பொருளை தனித்தனியாக எண்ணுவதுதான் சரியான வழி.

10-க்கு 12 ரூம்

உள் அளவு 10 அடிக்கு 12 அடி ரூம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய வீட்டு சுவர் ஒரு பக்கம் இருக்கிறது, புதிதாக 3 சுவர் போதும். மொத்த நீளம் சுமார் 34 அடி, உயரம் 10 அடி, 9 இஞ்ச் சுவர். ஒரு கதவு, 2 ஜன்னலுக்கான இடத்தை கழித்தால் சுமார் 290 சதுர அடி சுவர். 9 இஞ்ச் சுவரில் சதுர அடிக்கு 10 செங்கல் என்பது மேஸ்திரிகள் கணக்கு. ஆக 2,900 கல்.

அவ்வளவுதானே என்று நினைத்தால் தப்பு. தரைக்கு கீழே 2 அடி, மேலே 2 அடி பேஸ்மட்டம் என்று செங்கல்லிலேயே கட்டினால் அதற்கு மட்டும் இன்னும் 2,400 கல் பிடிக்கும். அந்த சுவர் ஒன்றரை அடி, அதற்கு மேல் பதிமூன்றரை இஞ்ச் என்று தடிமனாக வருவதே காரணம். உடைசலையும் சேர்த்தால் 5,600 கல் வேண்டும். கண்ணுக்கு தெரியாத கடைக்கால்தான் பலருடைய பட்ஜெட்டை சாப்பிடுகிறது.

சிமெண்ட் கட்டு வேலை, தளம், பூச்சு எல்லாம் சேர்த்து சுமார் 60 மூட்டை. கம்பி 220 முதல் 250 கிலோ. எம்-சாண்ட் இரண்டரை முதல் 3 யூனிட், ஜல்லி ஒன்றரை யூனிட். ஒரு யூனிட் என்பது 100 கன அடி. பேஸ்மட்டத்துக்குள் கொட்டி நிரப்ப கிராவல் மண் இரண்டரை யூனிட் வரை ஆகும். இதை எழுத மறந்துவிட்டு பாதியில் லாரிக்கு ஓடுபவர்கள் நிறைய பேர்.

இந்த எண்களை அந்தந்த ஏரியா கடை ரேட்டால் பெருக்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒரு விஷயம். சிமெண்ட் மூட்டைக்கு 10 ரூபாய் குறைக்க நாலு கடை ஏறி இறங்கினால் மிச்சம் 600 ரூபாய். செங்கல்லில் கல்லுக்கு 1 ரூபாய் பேசி குறைத்தால் மிச்சம் 5,600 ரூபாய். பேரம் பேச வேண்டிய இடம் எது என்று புரியும்! சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதமாக குறைக்கப்பட்டது. பில்லில் அதை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

ஏமாறாமல் வாங்க

செங்கல்லை இரண்டு கையில் எடுத்து தட்டினால் 'டணங்' என்று சத்தம் வரணும். 3 அடி உயரத்தில் இருந்து போட்டால் உடையக்கூடாது. சூளைகள் பொங்கலுக்கு பிறகுதான் சுறுசுறுப்பாகும். மழைக்காலத்தில் வேலை நிற்பதால் கல் விலை ஏறிவிடும். மாசி, பங்குனியில் ஆரம்பித்தால் கல்லும் மலிவு, அக்டோபர் மழைக்கு முன் தளமும் போட்டுவிடலாம்.

கம்பியை எடை போட்டு வாங்கினாலும் எண்ணிப் பார்ப்பது பாதுகாப்பு. 40 அடி நீள கம்பி ஒன்று 8 எம்.எம். என்றால் சுமார் 4.7 கிலோ, 10 எம்.எம். என்றால் 7.4 கிலோ, 12 எம்.எம். என்றால் 10.7 கிலோ இருக்கணும். எண்ணிக்கையை இதால் பெருக்கினால் கடைக்காரர் போட்ட எடை சரியா என்று வீட்டு வாசலிலேயே தெரிந்துவிடும்.

மணல், ஜல்லி லாரி வந்ததும் கொட்டச்சொல்லாமல் டேப் வைத்து நீளம், அகலம், உயரம் அளந்து பெருக்கி 100-ஆல் வகுத்தால் எத்தனை யூனிட் என்று வந்துவிடும். கொட்டிய பிறகு அளக்க முடியாது. சிமெண்ட் மூட்டையில் தயாரித்த வாரம், வருஷம் அச்சடித்து இருக்கும். 3 மாசம் தாண்டியதை தொடாதீர்கள்.

பழசும் புதுசும் சேரும் இடம்

புது வீட்டு பட்ஜெட்டில் இல்லாத செலவு இங்கேதான் வரும். பழைய சுவர் பல வருஷம் மண்ணில் உட்கார்ந்து இறுகிவிட்டது. புது சுவர் இனிமேல்தான் கொஞ்சம் இறங்கும். அதனால் இரண்டும் சேரும் இடத்தில் விரிசல் விடும். புது கடைக்காலை பழையதன் ஆழத்துக்கே கொண்டுபோக வேண்டும். ஆனால் பழைய சுவரை ஒட்டி முழு நீளத்துக்கும் ஒரேநாளில் வானம் தோண்டக்கூடாது. அப்படி தோண்டினால் பழைய வீடே சாய வழி உண்டு. பகுதி பகுதியாக தோண்டி கட்டிக்கொண்டு வந்தால் கூலி கொஞ்சம் கூடும், பரவாயில்லை.

பழைய சுவரை உடைத்து வழி விடுவதாக இருந்தால், முதலில் மேலே லிண்டல் போட்டு, பிறகுதான் கீழே உடைக்கணும். இதற்கு முட்டு, ஆள் என்று தனி செலவு. மொட்டை மாடி தளங்கள் சேரும் இடத்தில் ஒழுகாமல் இருக்க பூச்சுக்கும் கொஞ்சம் ஒதுக்க வேண்டும். அதை விட்டால் முதல் மழைக்கே புது ரூமில் பக்கெட் வைக்க வேண்டியதுதான்.

கூலியும் கையெழுத்தும்

கூலி மட்டும் பேசுவதா, பொருளோடு காண்ட்ராக்ட் விடுவதா? பக்கத்தில் நின்று பார்க்க வீட்டில் ஆள் இருந்தால் கூலி மட்டும் பேசுவதே லாபம். எது ஆனாலும் வானம் தோண்டுவது, பூச்சு, டைல்ஸ், சன்ஷேட், எலக்ட்ரிக் பைப் எல்லாம் அதில் சேருமா என்று பேப்பரில் எழுதி வாங்குங்கள். 'அது இதுல வராது சார்' என்ற வார்த்தை பிற்பாடுதான் வரும். பணத்தை பேஸ்மட்டம், லிண்டல், தளம், பூச்சு என்று வேலை முடிய முடிய கொடுத்து, பத்தில் ஒரு பங்கை கடைசி வரை கையில் வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

தளம் போடும் நாள்தான் பெரிய செலவு. சென்ட்ரிங், கம்பி, ஜல்லி, சிமெண்ட், மிஷின், காங்கிரீட் செட் ஆட்கள், அவர்களுக்கு பிரியாணி என்று எல்லா பணமும் ஒரே வாரத்தில் போகும். அந்த பணத்தை முதல் நாளே தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்தில்தான் சுவரை எழுப்ப வேண்டும். பூச்சும் டைல்சும் அடுத்த போனசுக்கு காத்திருக்கலாம், தளம் காத்திருக்காது. மொத்தத்துக்கு மேல் 10 முதல் 15 சதவீதம் எதிர்பாராத செலவுக்கு. தளம் போட்ட மறுநாளே பாத்தி கட்டி தண்ணீர் நிறுத்தணும். சுவருக்கு குறைந்தது 7 நாள் தண்ணீர் அடிக்க வேண்டும். வீட்டில் போர் இல்லாதவர்கள் அந்த லாரி தண்ணீரையும் எழுதிக்கொள்ளலாம்.

அனுமதி மறக்காதீங்க

பின்பக்கம் காலியாக இருப்பது உங்கள் இடமாகவே இருந்தாலும், விதிப்படி காலியாக விடவேண்டிய இடமாகவும் இருக்கலாம். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்டுவோர் சுயசான்று கொடுத்து ஆன்லைனில் உடனடியாக அனுமதி பெறும் திட்டத்தை தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. கூடுதல் ரூமுக்கு எந்த முறை பொருந்தும், எவ்வளவு கட்டணம் என்று மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி ஆபீசில் வானம் தோண்டும் முன்பே கேட்டுவிட வேண்டும். ரூம் கூடினால் சொத்து வரியும் கூடும்.

வீட்டுக் கடன் இருப்பவர்களுக்கு அதே பேங்கில் கூடுதல் கடன் கிடைக்க வாய்ப்பு உண்டு. அதற்கும் அனுமதி பிளான் கேட்பார்கள். வேலையில் இருப்பவர்கள் பி.எப். பணத்தில் இருந்தும் வீட்டு வேலைக்கு எடுக்க வழி உள்ளது. கந்து வட்டிக்கு போவதற்கு முன் இந்த இரண்டு கதவையும் தட்டிப் பார்க்கலாம்.