காணுதலும் இனங்காணுதலும்: படம் தராத கண்ணின் வரலாறு

எருத்தேன்பதிக்கு வடக்கே, வாளையாறு–மதுக்கரை இருப்புப்பாதையில், நவக்கரை அருகே 2021 நவம்பர் 26 இரவு ரயில் மோதி மூன்று யானைகள் மாண்டன. 2024 பிப்ரவரியில் மதுக்கரைப் பகுதியில் 12 கோபுரங்களும் 24 கேமராக்களும் கொண்ட செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்பு தொடங்கிற்று. அங்குக் கேமரா காண்கிறது, இனங்காண்பது கணிப்பொறி. இவ்விரு வினைகளும் ஒரே சில்லுக்குள் சேர்ந்த வரலாறு நீண்டது.

1969இல் பெல் ஆய்வகத்தில் பாயிலும் ஸ்மித்தும் வடிவமைத்த சிசிடி, ஒளியை மின்னேற்றமாக்கி வெளியே அனுப்புவதற்கு வழிவகுத்தது. பொருள்கொள்வது பிறர் வேலை. 1981இல் ஜெராக்ஸ் ஆய்வாளர் ரிச்சர்ட் லயன் விவரித்த மவுஸ் சில்லு வேறுவகை: ஒளியுணரிகளும் தருக்கச் சுற்றும் ஒரே சிலிக்கனில் இருந்தன, அது தந்தது படத்தை அன்று, அசைவை மட்டுமே. பின்னர் கால்டெக்கில் மிஷா மஹோவால்டும் கார்வர் மீடும் உருவாக்கிய ‘சிலிக்கன் விழித்திரை’, சுற்றுப்புறச் சராசரியைக் கழித்து வேறுபாட்டை மட்டும் அனுப்பிற்று.

ஆயினும் ஒரு தடை இருந்தது. ஒவ்வொரு படப்புள்ளியருகிலும் சுற்று வைத்தால் ஒளி விழும் பரப்பு சுருங்கும். ஒளியுணரி மேலடுக்கிலும் தருக்கம் கீழடுக்கிலுமாக அடுக்கப்பட்ட பின்னரே அது நீங்கிற்று. 2020 மே மாதம் சோனி அறிவித்த ஐஎம்எக்ஸ்500, கீழடுக்கில் நரம்பு வலையமைப்பை இயக்கும் செயலியையும் நினைவகத்தையும் கொண்டது. விரும்பினால் படத்தை வெளியிடாது, என்ன பொருள், எங்கே என்ற செய்தியை மட்டும் தரும். 2024இல் வந்த ராஸ்பெர்ரி பை ஏஐ கேமராவில் இச்சில்லே உள்ளது.

பயன் தெளிவு: அனுப்பவேண்டிய தரவு குறையும், மனித முகங்கள் சேமிக்கப்படா. ஆனால் இச்சில்லு ஒளியைப் பெயர்ச்சொல்லாக்குகிறது. அதன் அகராதியோ சிறிது. பொருள் கண்டறியும் மாதிரிகளைப் பயிற்றப் பெரிதும் பயன்படும் கோகோ தொகுப்பின் 80 வகைகளுள் யானை உண்டு. புலியும் மானும் இல்லை. யானையும் ஒரே சொல்தான்: களிறு, பிடி, கன்று என்ற பாகுபாடு அதற்கில்லை.

பட்டியலில் இல்லாதது பதிவாகாது. பதிவானது சரிதானா என்று சோதிக்கப் படமும் இராது. மூலத்தை அழித்துவிட்டு உரையை மட்டும் காக்கும் சுவடிக்கூடத்தை நாம் ஏற்போமா? காட்டோரங்களில் இச்சில்லுகள் அமையுமுன், ஐயத்துக்குரிய காட்சிகளையேனும் மூலப்படமாகச் சேமிக்கும் நெறியை ஆய்வுலகம் வலியுறுத்த வேண்டும்.