எஸ் 5 (இசைக்குழு)

எஸ் 5, சென்னையில் இயங்கிய பாப் இசைக்குழு. எஸ்.எஸ். மியூசிக் தொலைக்காட்சி நடத்திய குரல் தேர்வின் வழியாக 2005-ல் உருவானது. ஐந்து பாடகர்கள் குரல்களை இணைத்துப் பாடியது இதன் தனித்தன்மை.

பின்னணி

தமிழகத்தில் பஜனையானாலும் கும்மியானாலும் அனைவரும் ஒரே மெட்டையே பாடுவது வழக்கம். ஒருவர் மெட்டைப் பாட, மற்றவர்கள் அதே நேரத்தில் அதற்கு இயைந்த வேறு சுரங்களைப் பாடும் முறை தேவாலயப் பாடற்குழுக்கள் வழியாக இங்கு அறிமுகமானது. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன், சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நிறுவி, பாரதியார் பாடல்களை இம்முறையில் பாடவைத்தார்.

தொலைக்காட்சிப் போட்டியில் பாடகர்களைத் தேர்ந்தெடுத்துக் குழு அமைக்கும் வழக்கம் நியூசிலாந்தின் 'பாப்ஸ்டார்ஸ்' (1999) நிகழ்ச்சியால் பரவியது. இந்தியாவில் 2002-ல் சேனல் வி இதே முறையில் ஐந்து பெண்கள் கொண்ட 'விவா' குழுவை உருவாக்கியது.

தோற்றமும் வளர்ச்சியும்

அனைதா நாயர், அர்ஜுன் சசி, பார்கவி பிள்ளை, சுவி சுரேஷ், பென்னி தயாள் ஆகியோர் எஸ் 5 குழுவின் உறுப்பினர்கள். இசையமைப்பாளர் பிரவீன் மணி குழுவுக்கு வழிகாட்டினார். குழுவின் முதல் தொகுப்பு 'இசை'. பிரவீன் மணி இசையமைத்த 'பை த பீப்பிள்' (2005) மலையாளத் திரைப்படத்திலும் குழுவினர் பங்கேற்றனர்.

சரிவு

தமிழகத்தில் பாடல் என்றாலே திரைப்பாடல்தான் என்ற நிலை வலுவானது. தனித் தொகுப்புகளுக்குச் சந்தை சிறியது. திரையிசை தேடுவது ஒரு குழுவை அல்ல, காட்சிக்குப் பொருந்தும் ஒரு குரலை. 'சிவாஜி' (2007), 'விண்ணைத்தாண்டி வருவாயா' (2010) படப் பாடல்களால் பென்னி தயாள் புகழடைந்தார். அப்போது எஸ் 5 பேச்சிலிருந்தே மறைந்திருந்தது. பின்னர் அவர் 'ஃபங்க்சுவேஷன்' என்ற குழுவில் பாடினார்.

மதிப்பீடு

தேவாலயக் குழுவுக்கு வாரந்தோறும் வழிபாடு உண்டு. சேர்ந்திசைக் குழுவை ஓர் ஆசிரியரின் பயிற்சி தாங்கியது. எஸ் 5 குழுவைப் பிறப்பித்தது ஒரு போட்டி நிகழ்ச்சி. நிகழ்ச்சி முடிந்தபின் ஐவரும் சேர்ந்து பாடுவதற்கு நிலையான மேடை இல்லை. ஒருவர் குரலை மற்றவர் கேட்டு இயைந்து பாடும் பழக்கம் நீண்டகாலக் கூட்டுப்பயிற்சியால் வருவது. தமிழ்த் திரையிசைக்குத் தேர்ந்த தனிக்குரல் கிடைத்தது. தமிழில் நிலைத்திருக்கக்கூடிய ஒரு கூட்டுக்குரல் கைநழுவியது.