விவிலியத்தில் ஆட்கடத்தலும் அடிமைமுறையும்: மதுரைச் சீமை

விவிலியச் சட்டம் ஆளைத் திருடி விற்பதைக் கொலைக்கு நிகரான குற்றமாக வைக்கிறது. அடிமை வைத்திருப்பதையோ விதிமுறைகளோடு ஏற்றுக்கொள்கிறது. யாத்திராகமம் 21ஆம் அதிகாரம் ஒன்றிலேயே இவை இரண்டும் உள்ளன. திருடிய ஆளை விற்றவன் மட்டுமல்ல, கையில் வைத்திருந்து பிடிபட்டவனும் சாக வேண்டும் என்கிறது 16ஆம் வசனம். எபிரெய அடிமை ஆறு ஆண்டு உழைத்தபின் ஏழாம் ஆண்டில் விலையின்றிப் போகலாம், எஜமான் அடித்துக் கண்ணோ பல்லோ போனால் அடிமைக்கு விடுதலை என்பவையும் அதே அதிகாரத்தில் வருகின்றன. உபாகமம் 24:7 சக இஸ்ரவேலனைத் திருடுவதை மட்டும் பேசுகிறது. லேவியராகமம் 25ஆம் அதிகாரப்படி அந்நியரை விலைக்கு வாங்கிப் பிள்ளைகளுக்குச் சொத்தாக விட்டுச் செல்லலாம்.

தப்பி வந்த அடிமையை எஜமானிடம் பிடித்துக் கொடுக்கக் கூடாது என்ற உபாகமம் 23:15 அந்தக் காலத்துக்கு அரிய சட்டம். பாபிலோனின் ஹமுராபி சட்டத்தில் ஓடிவந்த அடிமைக்கு இடம் கொடுத்தவனுக்கே மரணம். புதிய ஏற்பாட்டில் 1 தீமோத்தேயு 1:10 ஆள்திருடரைப் பெரும் பாவிகளின் வரிசையில் நிறுத்துகிறது. பவுலோ, ஒநேசிமு என்ற அடிமையை எஜமான் பிலேமோனிடமே கடிதத்தோடு திருப்பி அனுப்பினார். அடிமையாக அல்ல, சகோதரனாக ஏற்கும்படி கேட்டுக்கொண்டார்.

ஆக, ஒருவன் எப்படி அடிமையானான் என்பதே இந்தச் சட்டத்தில் முதல் கேள்வி. மதுரைச் சீமையின் 17ஆம் நூற்றாண்டு வரலாறு அந்தக் கேள்வியைப் பயனற்றதாக்கியது. 1658இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி தூத்துக்குடியையும் நாகப்பட்டினத்தையும் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தது. அடுத்த ஆண்டு மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் இறந்தார். போரும் வறட்சியும் வந்தபோதெல்லாம் கரையில் ஆள் விலை சரிந்தது, கப்பல்கள் நிறைந்தன. 1673–77 வறட்சியில் டச்சுக்காரர் ‘மதுரைக் கரை’ என்று குறித்த பகுதியிலிருந்து மட்டும் 1,839 பேர் அடிமைகளாக ஏற்றுமதியானார்கள். 1694–96இல் சோழமண்டலக் கரையிலிருந்து இலங்கைக்குத் தனியார் கொண்டுபோனவர்கள் 3,859 பேர்.

இவர்களில் கடத்தப்பட்டவர்கள் உண்டு. பசி தாளாமல் பெற்றோர் விற்ற பிள்ளைகளும், தம்மையே விற்றுக்கொண்டவர்களும் உண்டு. துறைமுகத்தில் இரு கூட்டமும் ஒரே வரிசையில்தான் நின்றிருக்கும். தமிழ்நாட்டில் ஆளை எழுதிக் கொடுக்கும் ஓலை புதிதல்ல. சுந்தரர் கதையில் கிழவராக வந்த சிவன் நீட்டுவதும் ஆளோலைதான். கையெழுத்தான சீட்டு ஒன்று இருந்துவிட்டால் வாங்கியவனைத் திருடன் என்று சொல்ல வழியில்லை. ஆதியாகமத்திலேயே இதன் சாயல் இருக்கிறது. அண்ணன்மாரால் 20 வெள்ளிக்காசுக்கு விலைபோன யோசேப்பு, 47ஆம் அதிகாரத்தில், பஞ்சத்தில் தானியத்துக்காகத் தம்மையும் நிலத்தையும் விற்க வந்த எகிப்தியரைப் பார்வோனுக்காக வாங்குகிறார். முன்னதைக் குற்றமாகவே காட்டும் நூல், பின்னதைத் திறமையான நிர்வாகம் போல எழுதிச் செல்கிறது.

இந்த வணிகத்துக்கு டச்சுத் திருச்சபையில் எதிர்ப்பே இல்லை என்று சொல்ல முடியாது. யாக்கோபுஸ் ஹோண்டியுஸ் என்ற போதகர் 1679இல் அச்சிட்ட ஆயிரம் பாவங்களின் பட்டியலில் மனிதரை வாங்கி விற்பதும் ஒன்று. வணிகத்தை அது எதுவும் செய்துவிடவில்லை.

மனிதரைத் தாழ்த்தும் வழக்கத்துக்குச் சபையில் இடம் உண்டா என்ற வாதம், மதுரை நகரில் சாதியைப் பற்றி எழுந்தது. 1606இல் ராபர்ட் டி நொபிலி வந்த காலம் முதல் சேசு சபையார் சாதி வேற்றுமைக்கு இடம் கொடுத்தே மறைப்பணி செய்தனர். 1834இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன் 1847இல் சாதியை விடாதவர்களுக்குச் சபையில் இடமில்லை என்றது. அந்த மிஷனை அனுப்பிய தலைமைக் கழகமோ, அமெரிக்காவில் செரோக்கி, சோக்டா மக்களிடையே தான் நடத்திய சபைகளில் அடிமை வைத்திருந்தவர்களை நீக்க மறுத்தது. இதனால் வெறுத்துப்போனவர்கள் 1846இல் தனி மிஷன் சங்கம் அமைத்தனர். மதுரையை அடுத்த பசுமலையில் இருந்த அந்த மிஷனரிகள் எந்த வசனத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் பொருத்திப் பார்த்தார்களோ!

இந்தியாவில் அடிமைமுறைக்கு எதிரான அரசுச் சட்டமும் மெதுவாகவே வந்தது. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை மீதான உரிமையை நீதிமன்றம் ஏற்காது என்றதே தவிர, அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் 1862இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவில்தான் குற்றமாயின. பண்ணையாள் முறையில் கடனுக்குக் கட்டுண்டு கிடந்தவர்களை அதுவும் தொடவில்லை. அவர்களுக்கு 1976இன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வரவேண்டியிருந்தது. உசிலம்பட்டி வட்டாரத்தில் பெற்றோரிடம் முன்பணம் கொடுத்துப் பையன்களை வடமாநில முறுக்குக் கம்பெனிகளுக்கு அழைத்துப் போகும் தரகர்கள் மீது வழக்குப் போட நேர்ந்தால் இன்று அதிகாரிகள் எடுக்கும் சட்டமும் இதுதான். ஆட்கடத்தலும் நிரூபணமானால் 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆம் பிரிவும் சேர்கிறது. அந்தப் பிரிவின்படி, கடத்தப்பட்டவர் சம்மதித்திருந்தார் என்பது கணக்கில் வராது.